மென்மையாக வாசிப்பது எப்படி: ஒலியளவுக் குறிகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மேற்கத்திய இசையின் நொட்டேஷன் தாளில் 'பி' (p) என்ற எழுத்தைப் பார்த்ததும் பெரும்பாலான மாணவர்கள் கையைத் தளர்த்திவிடுவார்கள். உடனே கோளாறுகள் வரிசைகட்டி வரும். சில சுரங்கள் ஒலிக்காமலே போகும். வேகம் தானாகக் குறையும். புல்லாங்குழலாக இருந்தால் சுருதியும் இறங்கிவிடும். கேட்பவருக்கு அதில் மென்மை தெரியாது, தயக்கம்தான் தெரியும்.

மென்மையாக வாசிக்க, உரக்க வாசிப்பதைவிட அதிகக் கட்டுப்பாடு வேண்டும். குறைய வேண்டியது ஒலியின் அளவு மட்டுமே. சுரம் தொடங்கும் தெளிவு, தாளத்தின் உறுதி, சுரத்தின் முழு நீளம் ஆகிய மூன்றும் உரக்க வாசிக்கும்போது எப்படி இருந்தனவோ அப்படியே நிற்க வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் இதைச் சாதிக்கும் வழிகள்தான். நொட்டேஷனை ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: குறிகளைச் சரியாகப் படியுங்கள்

அடிப்படை எழுத்துகள் மூன்றே. 'பி' என்பது பியானோ, அதாவது மென்மை. 'எஃப்' (f) என்பது ஃபோர்ட்டே, வலிமை. 'எம்' (m) என்பது மெட்ஸோ, நடுத்தரம். இது தனியாக வராது, மற்ற இரண்டில் ஒன்றோடு ஒட்டிக்கொண்டே வரும். மிக மென்மையில் தொடங்கி வரிசைப்படுத்தினால் இப்படி அமையும்:

மூன்று பி – கேட்கும் எல்லையின் விளிம்பு
இரண்டு பி, பியானிஸ்ஸிமோ – மிக மென்மை
ஒற்றைப் பி – மென்மை
மெட்ஸோ பியானோ – ஓரளவு மென்மை
மெட்ஸோ ஃபோர்ட்டே – ஓரளவு வலிமை
ஒற்றை எஃப் – வலிமை
இரண்டு எஃப், ஃபோர்ட்டிஸ்ஸிமோ – மிக வலிமை
மூன்று எஃப் – கருவி தாங்கும் உச்சம்

ஒரு குறி வந்தால் அடுத்த குறி வரும்வரை அதுவே நீடிக்கும். பியானோ என்ற கருவிக்கான தாளில் இரண்டு கோட்டு வரிசைகளுக்கும் நடுவே எழுதியிருந்தால் இரு கைகளுக்கும் பொது. ஒரு கைக்கு மட்டும் வேறு அளவு வேண்டுமென்றால் அந்த வரிசையை ஒட்டித் தனியாக எழுதியிருப்பார்கள். பாடகர்களுக்கான தாளில் பாட்டு வரிகள் கீழே இருப்பதால் ஒலியளவுக் குறிகள் பெரும்பாலும் மேலே இருக்கும்.

இந்தக் குறிகள் எதுவும் டெசிபல் எண் இல்லை என்பதை இங்கேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். ட்ரம்பெட்டின் 'பி'யும் புல்லாங்குழலின் 'பி'யும் ஒரே அளவாக இருக்க வழியே இல்லை. சிறிய அறையில் போதுமான 'பி' பெரிய அரங்கின் கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. நொட்டேஷன் மென்பொருள்கள் ஒவ்வொரு குறிக்கும் 127-க்குள் ஒரு மிடி எண்ணை (கணினி இசையில் ஒலியின் அளவைச் சொல்லும் எண்) ஒதுக்கிவைத்திருக்கும். கணினிக்கு ஏதோ ஒரு எண் தேவை என்பதால் செய்த ஏற்பாடு அது. அந்த எண்ணை இசை விதியாக எடுத்துக்கொண்டால் வாசிப்பும் கணினி வாசிப்பதைப் போலவே ஆகிவிடும்.

ஒரு குறியின் பொருளை அதைச் சுற்றியுள்ள குறிகள்தான் சொல்லும். யார் எழுதினார், எப்போது எழுதினார் என்பதும் சொல்லும். ஜியோவானி கப்ரியேலி 1597-இல் வெளியிட்ட தொகுப்பில், மென்மை, வலிமை என்ற இரண்டையும் தலைப்பிலேயே வைத்த ஒரு ஸொனாட்டா இருக்கிறது. ஒலியளவை எழுதிக்காட்டிய மிகப் பழைய படைப்புகளில் அதுவும் ஒன்று. அதில் இரண்டு குழுக்கள். ஒன்று மட்டும் வாசித்தால் மென்மை, இரண்டும் சேர்ந்தால் வலிமை. பாக் 1735-இல் வெளியிட்ட இத்தாலியன் கான்சர்ட்டோவிலும் மென்மை, வலிமைக் குறிகள் உண்டு. ஆனால் அது இரண்டு கட்டை வரிசைகள் கொண்ட ஹார்ப்ஸிகார்டுக்கு எழுதியது. ஹார்ப்ஸிகார்டு தந்தியை மீட்டும் கருவி. விரலை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி பெரிதாக மாறாது. ஆகவே அங்கே 'பி' என்றால் மற்ற வரிசைக்குக் கையை மாற்று என்பதே நடைமுறைப் பொருள்.

மொஸார்ட் பெரும்பாலும் 'பி', 'எஃப்' இரண்டோடு நிறுத்திக்கொண்டவர். அவருடைய ஒற்றைப் 'பி'க்குள் பியானிஸ்ஸிமோவிலிருந்து மெட்ஸோ பியானோ வரை எல்லாம் அடங்கும். எங்கே எது என்பதை வாசிப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும். சைகோவ்ஸ்கியோ நேர் எதிர். 1893-இல் அரங்கேறிய ஆறாவது சிம்ஃபொனியின் முதல் பகுதியில், பஸூன் என்ற தாழ்ந்த ஸ்தாயி ஊதுகருவிக்கு ஆறு 'பி'க்களை அடுக்கிவைத்திருக்கிறார். அவ்வளவு தாழ்ந்த ஸ்தாயியில் பஸூன் அந்த அளவுக்கு அடங்குவது கடினம். அதனால் பல இசைக்குழுக்கள் அந்த நான்கு சுரங்களைப் பாஸ் கிளாரினெட்டிடம் கொடுத்துவிடுகின்றன. அடுத்த நொடியே முழு இசைக்குழுவும் ஃபோர்ட்டிஸ்ஸிமோவில் வெடிக்கிறது. ஆறு 'பி'க்களுக்கும் பொருள் அந்த வெடிப்பில்தான் இருக்கிறது.

ஆகவே வாசிக்கத் தொடங்கும் முன் தாள் முழுவதையும் ஒருமுறை புரட்டுங்கள். மிக மென்மையான இடம் எது, மிக வலிமையான இடம் எது என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். தொடக்கத்தில் ஒற்றைப் 'பி' இருந்து, மூன்றாம் பக்கத்தில் இரண்டு 'பி' காத்திருந்தால், தொடக்கத்திலேயே கருவியின் அடிமட்டத்துக்கு இறங்கிவிடக் கூடாது.

படி 2: உங்கள் கருவியின் அடிமட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

ஐந்து சுரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மெட்ஸோ ஃபோர்ட்டேயில், அதாவது இயல்பாக வரும் ஒலியில், தாளத்தைத் தட்டிக்காட்டும் மெட்ரோனோமுடன் சீராக வாசியுங்கள். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். ஏதாவது ஒரு சுரம் ஒலிக்கத் தவறும்போது நிறுத்துங்கள். அதற்கு முந்தைய சுற்றுதான் இன்றைய உங்கள் அடிமட்டம். மூன்று 'பி' அங்கே இருக்கட்டும். இரண்டு 'பி' அதற்குச் சற்று மேலே. ஒற்றைப் 'பி' இன்னும் நன்றாக மேலே.

பலரும் ஒற்றைப் 'பி'யையே அடிமட்டத்தில் வைத்துவிட்டு, இரண்டு 'பி' வரும்போது போக இடமின்றித் திணறுகிறார்கள். என்னைக் கேட்டால், கற்கும் காலத்தில் ஒற்றைப் 'பி'யை நினைப்பதைவிடச் சற்றுத் தாராளமாகவே வாசிக்கலாம். அது நல்ல, நிறைவான ஒலி. மனதுக்கு நெருக்கமாகப் பேசும் குரல். காதில் கிசுகிசுப்பது மூன்று 'பி'யின் வேலை.

படி 3: ஒலியைக் குறைக்கும் நுட்பத்தைக் கையில் கொண்டுவாருங்கள்

பியானோ. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழுந்து கம்பியை அடிக்கிறது. கடைசி ஓரிரு மில்லிமீட்டர் தூரத்தைச் சுத்தியல் தன் சொந்த வேகத்திலேயே கடக்கிறது. அந்த இடத்தில் விரலுக்கு அதன்மேல் பிடி இல்லை. ஆகவே ஒலியின் அளவைத் தீர்மானிப்பது சுத்தியல் பாயும் வேகம். கட்டை அடியைத் தொட்ட பிறகு எவ்வளவு அழுத்தினாலும் ஒரு பயனும் இல்லை, மணிக்கட்டுதான் வலிக்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிகின்றன. ஒன்று, மென்மைக்கு வேண்டியது மெதுவாக இறங்கும் கட்டை. இரண்டு, அந்த வேகத்துக்கு ஒரு குறைந்தபட்ச எல்லை உண்டு. அதற்கும் கீழே போனால் சுத்தியல் கம்பியைத் தொடாமலே திரும்பிவிடும். சுரம் விழுங்கப்படுவது அப்படித்தான்.

பயிற்சி இது: விரல் நுனி கட்டையின் மேற்பரப்பைத் தொட்டபடியே இருக்கட்டும். மேலிருந்து அடிக்காதீர்கள். தொட்ட இடத்திலிருந்து, கட்டையின் ஏறத்தாழ 10 மில்லிமீட்டர் ஆழத்தையும் ஒரே சீரான வேகத்தில் அடிவரை கொண்டுபோங்கள். பாதியில் கைவிடக் கூடாது. மணிக்கட்டும் கையும் தளர்வாக இருக்கலாம், விரலின் கடைசிக் கணு உறுதியாக நிற்க வேண்டும். தளர்ந்த கணுதான் பெரும்பாலான விழுங்கப்பட்ட சுரங்களுக்குக் காரணம். ஒரே சுரம் திரும்பத் திரும்ப வரும் இடங்களில், கிராண்ட் பியானோவில் கட்டையை முழுவதும் மேலே வர விடாமல் நடுவழியிலிருந்தே மீண்டும் அழுத்தலாம். செபாஸ்டியன் எரார் உருவாக்கிய, 1821-இல் காப்புரிமை பெற்ற இயங்கமைப்பு அதற்கு வழி செய்கிறது. சுவரோடு ஒட்டி நிற்கும் அப்ரைட் பியானோவில் இது அவ்வளவாகக் கைகொடுக்காது; கட்டையை ஏறக்குறைய முழுவதும் மேலே வர விட வேண்டும்.

இடது பெடலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கிராண்ட் பியானோவில் அது கட்டைகளையும் சுத்தியல்களையும் சேர்த்துப் பக்கவாட்டில் நகர்த்துகிறது. மூன்று கம்பிகளை அடிக்க வேண்டிய சுத்தியல் இரண்டை மட்டும் அடிக்கிறது. கம்பியில் படும் ஃபெல்ட்டும் (சுத்தியலின் மேலுள்ள மெத்தென்ற உறை) அதிகம் தேயாத பகுதி என்பதால் ஒலியின் நிறமே மாறும். அப்ரைட்டில் அதே பெடல் சுத்தியல்களைக் கம்பிக்கு அருகே கொண்டுவருகிறது. அடிக்கும் தூரம் குறைவதால் வேகம் குறைகிறது. தாளில் ஊனா கோர்டா என்று இருந்தால் பெடலை மிதிக்க வேண்டும், த்ரே கோர்டே என்று வந்தால் விட வேண்டும். 'பி'யைப் பார்த்தவுடனே மிதிப்பது கெட்ட பழக்கம். முதலில் விரலால் மென்மை வரட்டும். பெடலை நிறம் மாற வேண்டிய இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வயலின், செல்லோ போன்ற வில் கருவிகள். இங்கே கையில் மூன்று விசைகள்: வில்லின் வேகம், அதன் மேல் விழும் எடை, தந்தியில் அது படும் இடம். மூன்றையும் ஒரே நேரத்தில் குறைத்தால் ஒலி செத்துவிடும். எடையைக் குறையுங்கள், படும் இடத்தைப் பிரிட்ஜிலிருந்து சற்றுத் தள்ளி விரல்பலகைப் பக்கம் நகர்த்துங்கள், வேகத்தைச் சீராக வைத்திருங்கள். காற்றுப்போல மெல்லிய ஒலி வேண்டுமென்றால் எடையை மேலும் குறைத்து வேகத்தைக் கூட்டலாம். தாளில் ஸுல் தாஸ்தோ என்று எழுதியிருந்தால் வில்லை விரல்பலகைக்கு மேலேயே கொண்டுபோகச் சொல்கிறார்கள். வில்லின் முனைப் பகுதி இயல்பிலேயே இலகுவானது. பியானிஸ்ஸிமோவில் நீளமாக வாசிக்க அந்தப் பாதி வசதியானது. இடது கை விரல்களின் அழுத்தம் மட்டும் குறையவே கூடாது.

ஊதும் கருவிகள். குழலில் காற்றைக் குறைத்தால் சுருதி இறங்கும். கிளாரினெட்டில் அதே சூழலில் சுருதி ஏறும். ஆகவே இவ்விரு கருவிகளும் சேர்ந்து ஒரு நீண்ட சுரத்தை மெல்ல மறையவிடும்போது இரண்டும் எதிரெதிர்த் திசையில் விலகும். சுருதியைக் காட்டும் ட்யூனரை முன்னால் வைத்துப் பழகாமல் இது சரியாகாது. குழலில் உதட்டுத் துளையைச் சிறிதாக்கிக் காற்றின் வேகத்தைக் காப்பாற்றுங்கள், காற்று செல்லும் கோணத்தைக் கொஞ்சம் மேலே உயர்த்துங்கள். வயிற்றின் தாங்குதல் குறையக் கூடாது. ரெக்கார்டர் என்ற நேர்க்குழலுக்கு இந்த உதட்டு வசதி இல்லை. மெல்ல ஊதினால் சுருதி விழுந்தேவிடும். அதனால் அங்கே மென்மை என்பது பெரும்பாலும் சுரங்களைப் பிரிப்பதிலும் சேர்ப்பதிலும் உருவாகும் தோற்றம்.

குரல். மூச்சு கசியும் குரலை மென்மை என்று நம்பிவிடுகிறோம். காற்று வீணாவதால் அந்தக் குரலில் நீண்ட வரியை முடிக்கவே முடியாது. ஒரே சுரத்தை மென்மையாகத் தொடங்கி, பெரிதாக்கி, மீண்டும் மென்மைக்குக் கொண்டுவரும் மெஸ்ஸா தி வோச்சே என்ற பழைய பயிற்சி இதற்கு நல்ல மருந்து. திரும்பி வரும் பாதிதான் கடினம். அங்கே குரல் உடைந்தால், எந்த இடத்தில் உடைகிறதோ அதற்குச் சற்று மேலேயே நின்று பழகுங்கள்.

கித்தார். மீட்டும் கையை ஒலித்துளையைத் தாண்டி விரல்பலகைப் பக்கம் கொண்டுபோனால் ஒலி உருண்டு மென்மையாகும். மீதி விரலின் வேகம்.

படி 4: எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் மென்மையாக்காதீர்கள்

'பி' என்பது மொத்த ஒலிக்குச் சொன்னது. அதற்குள் மெட்டும் துணையும் வெவ்வேறு அளவில் இருக்க வேண்டும். பீத்தோவனின் மூன்லைட் ஸொனாட்டாவின் (1801) முதல் பகுதி நல்ல பாடம். முழுவதையும் மிக நுட்பமாக வாசிக்கச் சொல்லித் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். பியானிஸ்ஸிமோ குறியும் இருக்கிறது. அங்கே வலது கையின் சுண்டுவிரல் மெட்டை வாசிக்கிறது, அதே கையின் மற்ற விரல்கள் மூன்று மூன்றாக ஓடும் துணையை வாசிக்கின்றன. இரண்டும் ஒரே அளவில் வந்தால் மெட்டே காணாமல் போகும். மெட்டு ஒற்றைப் 'பி'யில், துணை மூன்று 'பி'யில், கூட்டினால் இரண்டு 'பி': இப்படிக் கணக்குப் போடுங்கள்.

பழக ஒரு வழி: மெட்டை மட்டும் உரக்கவும், துணையை ஒலியே வராமல் கட்டையின் மேற்பரப்பைத் தொட்டும் வாசியுங்கள். பிறகு துணையை மெல்ல மெல்ல ஒலிக்க விடுங்கள். அதன் பிறகு மெட்டையும் சேர்த்து இறக்குங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

இன்னொன்று. ஒலி குறையும்போது காது தாழ்ந்த ஸ்தாயியைத்தான் முதலில் தவறவிடும். 1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அளந்து காட்டியது இது. ஆகவே பல சுரங்கள் சேர்ந்து ஒலிக்கும் மென்மையான கார்டில் மேல் சுரத்துக்கு அடுத்தபடியாகக் கவனிக்க வேண்டியது அடிச்சுரம். நடுவில் இருப்பவை ஒதுங்கியே இருக்கலாம்.

படி 5: விரியும், சுருங்கும் குறிகள்

கிரெஷெண்டோ என்றால் படிப்படியாகப் பெருக்குவது. டிமினுவெண்டோ, டெக்ரெஷெண்டோ இரண்டும் குறைப்பது. சொல்லாகவும் எழுதுவார்கள், கூம்பிய இரட்டைக் கோடாகவும் போடுவார்கள். இசை ஆசிரியர்களிடையே ஒரு பழைய பேச்சு உண்டு: கிரெஷெண்டோ என்று கண்டால் மென்மை என்று படி, டிமினுவெண்டோ என்று கண்டால் வலிமை என்று படி. விளையாட்டாகச் சொன்னதுபோல இருந்தாலும் முற்றிலும் சரியான அறிவுரை. குறி தொடங்கும் இடத்தில் இன்னும் பழைய ஒலிதான் இருக்க வேண்டும். சொல்லைக் கண்ணால் பார்த்த நொடியே பெருக்கினால் இரண்டு பீட்டில் உச்சம் வந்துவிடும், மீதித் தூரத்துக்கு ஒன்றும் மிஞ்சாது.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்ஃபொனியில் மூன்றாம் பகுதி நான்காம் பகுதிக்குள் நுழையும் இடத்தைக் கேளுங்கள். டிம்பனி மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க, தந்திக் கருவிகள் நீண்ட நேரம் பியானிஸ்ஸிமோவிலேயே ஊர்கின்றன. கிரெஷெண்டோ வருவது கடைசிச் சில பார்களில் (தாளக் கட்டங்களில்) மட்டும். ரவேலின் பொலேரோ (1928) ஏறக்குறைய கால் மணி நேரத்துக்கு ஒரே கிரெஷெண்டோ. அங்கே ஸ்நேர் டிரம் வாசிப்பவர் தொடங்கும் பியானிஸ்ஸிமோ எவ்வளவு அடங்கியிருக்கிறதோ, முடிவுக்கு அவ்வளவு இடம் கிடைக்கிறது.

பழகும்போது ஒவ்வொரு பாருக்கும் ஓர் அளவை எழுதிக்கொள்ளுங்கள். நான்கு பார் கிரெஷெண்டோ என்றால் முதல் பார் பழைய அளவிலேயே, இரண்டாம் பார் ஒரு நூல் கூடுதல், மூன்றாம் பார் தெளிவாகக் கூடுதல், பெரும் ஏற்றம் நான்காவதில். டிமினுவெண்டோவில் கவனம் வேகத்தின்மேல் இருக்கட்டும். ஒலி இறங்கும்போது லயமும் சேர்ந்து இழுபடும். அது வேண்டுமென்றால் இசையமைப்பாளரே ரிட்டார்டாண்டோ (வேகத்தைக் குறை) என்று தனியாக எழுதியிருப்பார்.

படி 6: திடீர் மாற்றங்கள்

ஸுபிட்டோ பியானோ என்றால் உடனே மென்மை. பெருகிக்கொண்டே வந்த ஒலி உச்சத்தைத் தொட வேண்டிய பீட்டில் சட்டென்று அடங்கும். பீத்தோவனுக்கு மிகவும் பிடித்த உத்தி. வாசிப்பவருக்கோ முந்தைய பீட்டிலேயே ஒலியை இறக்கிவிடத் தோன்றும். அப்படிச் செய்தால் திடீர் என்பதே போய்விடும். கடைசி வலிமையான சுரத்தை முழுதாக ஒலிக்கவிட்டு, கண்ணிமைக்கும் நேரம் இடைவெளி விட்டு, பிறகு மென்மைக்குப் போங்கள். அந்த இடைவெளி காதைச் சுத்தம் செய்துவிடும்.

'எஃப்-பி' என்று ஒட்டி எழுதியிருந்தால் சுரத்தின் தொடக்கம் வலிமை, உடனே மென்மை. ஸ்ஃபோர்ட்ஸாண்டோ அந்த ஒரு சுரத்துக்கு மட்டும் அழுத்தம். அது தன்னைச் சுற்றியுள்ள அளவைப் பொறுத்தது. பியானிஸ்ஸிமோவுக்கு நடுவே வரும் ஸ்ஃபோர்ட்ஸாண்டோவைப் பீரங்கியாக்க வேண்டியதில்லை.

ஹைடன் 1791-இல் எழுதிய 94-ஆவது சிம்ஃபொனியின் இரண்டாம் பகுதியில் மெட்டு முதலில் ஒற்றைப் 'பி'யில் வருகிறது. திரும்ப வரும்போது இரண்டு 'பி'. அதன் முடிவில்தான் அந்தப் பெயர்பெற்ற ஃபோர்ட்டிஸ்ஸிமோ இடி. பலருக்கும் இடி மட்டும்தான் நினைவில் இருக்கும். முதல் 'பி'யிலிருந்து இரண்டாவதற்கு இறங்கும் அந்தச் சிறு படியைக் காட்டாமல் விட்டால் இடியில் பாதி சக்தி போய்விடும்.

படி 7: எழுத்துக் குறிகளையும் விடாதீர்கள்

ஸொட்டோ வோச்சே என்றால் அடங்கிய குரலில். டோல்ச்சே என்றால் இனிமையாக. அளவைவிட ஒலியின் நிறத்தைப் பற்றியது. மொரெண்டோ மறைந்துபோவது, ஒலியோடு வேகமும் கொஞ்சம் கரையலாம். ஸெம்ப்ரே என்ற சொல் 'எப்போதும் இப்படியே' என்று எச்சரிக்கிறது. அதைப் பார்த்தால் மெட்டு மேலே ஏறினாலும் ஒலியை ஏற விடாதீர்கள். கோன் ஸோர்டினோ என்றால் வயலினில் பிரிட்ஜின்மேல் ஒலியை அடக்கும் மியூட் மாட்ட வேண்டும், எடுக்க வேண்டிய இடத்தில் ஸென்ஸா ஸோர்டினோ வரும். மூன்லைட் ஸொனாட்டாவில் வரும் ஸென்ஸா ஸோர்டினோ வேறு. அங்கே அது கம்பிகளின் அதிர்வை அடக்கும் டேம்பர்களை எழுப்பி வைக்கச் சொல்கிறது, அதாவது வலது பெடல்.

படி 8: தினசரிப் பயிற்சியும் சோதனையும்

புதிய பகுதியை முதல் நாளே மென்மையாக வாசிக்க முயலாதீர்கள். விரல்கள் வழி தெரியாமல் தடுமாறும்போது மென்மை வராது, விழுங்கல்தான் வரும். முதலில் மெட்ஸோ ஃபோர்ட்டேயில் ஒவ்வொரு சுரமும் தெளிவாக வரட்டும். பிறகு அதே வேகத்தில், மெட்ரோனோமை நிறுத்தாமல், ஒரு படி இறக்குங்கள். தெளிவு குலைந்தால் மீண்டும் ஒரு படி மேலே போங்கள்.

பதிவு செய்து கேட்பது அவசியம். வாசிக்கும்போது காது கருவிக்கு மிக அருகில் இருப்பதால் எல்லாமே தெளிவாகக் கேட்பதுபோல் தோன்றும். பதிவுக் கருவியை அறையின் மறுமுனையில் வையுங்கள். ஒரு தொல்லை உண்டு: பல கைபேசிச் செயலிகள் மென்மையான ஒலியைத் தாமே உயர்த்தி, உரத்த ஒலியைத் தாமே தாழ்த்திப் பதிவு செய்யும். அமைப்புகளுக்குள் போய் அந்தத் தானியங்கி ஒலிச் சமன்பாட்டை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் எவ்வளவு அழகாக இறக்கினாலும் பதிவில் எல்லாம் ஒரே அளவாகத்தான் இருக்கும்.

குழுவோடு வாசிப்பவர்களுக்கு ஒரு அளவுகோல் போதும்: 'பி' என்று எழுதிய இடத்தில் மெட்டை வாசிப்பவரின் ஒலி உங்களுக்குக் கேட்கவில்லையென்றால் நீங்கள் இன்னும் குறைக்க வேண்டும்.

வேறொருவரின் கருவியில், வேறோர் இடத்தில் வாசிக்க நேர்ந்தால், முன்னதாகப் போய் முதலில் சோதிக்க வேண்டியது மிக மென்மையான பகுதியைத்தான். உரத்த பகுதி எப்படியும் வந்துவிடும். அந்தக் கருவியில் எந்தச் சுரம் விழுங்கப்படுகிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு கட்டைகள் மற்றவற்றைவிடக் கனமாக இருப்பது சகஜம். அவற்றைத் தாளில் வட்டமிடுங்கள். தாள் கேட்கும் மென்மை அந்தக் கருவியில் கிடைக்கவில்லையென்றால் ஒற்றைப் 'பி'யை மெட்ஸோ பியானோவாக உயர்த்தி, மற்ற எல்லாக் குறிகளையும் அதே விகிதத்தில் ஒரு படி மேலே தள்ளிவிடுங்கள்.